பூப்போட்டு வந்த நாய்

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு தெருநாய் என் கெண்டைக்காலைக் கவ்வியது. மூன்றாம் வகுப்பு பாதியில் இருந்தேன். என் படிப்பு அதோடு நின்றது.

கடித்ததைவிட ஊசிதான் கொடுமை. புத்தூர் ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள். அப்பா தினமும் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறுவார். வரிசையில் நிற்கும்போதே உள்ளே போன பிள்ளையின் அலறல் கேட்கும். அப்பா என் காதைப் பொத்துவார். அந்தக் கையில் வாழைக்கறை வாசம் வரும். என் முறை வந்ததும் என்னைப் படுக்க வைத்துவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆள் உயரக் குலையை ஒரே வெட்டில் இறக்குகிறவர் அவர்.

காயம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. எங்கேயோ ஒரு நாய் குரைத்தால் போதும், நான் நெல் கொட்டி வைக்கிற குதிருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொள்வேன். தொப்புளைக் கையால் மூடிக்கொள்வேன். நாய் காலைத்தான் கடித்தது என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டின வாழைக்கொல்லையில் எங்கள் வீடு. கூரை வீடு. சுற்றிலும் வாழை. பக்கத்து வீடு என்று ஒன்று இருந்தது, கூப்பிட்டால் கேட்காது. கொல்லை எங்களுடையது இல்லை, குத்தகை. நிலத்துக்காரர் மெட்ராசில் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்குப் பதிலாக அவருடைய காரியஸ்தர் சைக்கிளில் வருவார். கொல்லையைச் சுற்றிப் பார்ப்பார். இவர் ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் குத்தகை கை மாறிவிடும் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள்.

குலை வெட்டுகிற நாளில் அப்பா விடிவதற்கு முன்பே வண்டி கட்டிக்கொண்டு திருச்சி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வர உச்சிப்பொழுது ஆகும். அதுவரை அம்மாவும் நானும்தான்.

காரியஸ்தர் அந்த நாட்களாகப் பார்த்துத்தான் வருவார். வரப்பில் சைக்கிள் மணி கேட்டதும் அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுவாள்.

"பாப்பா, இங்க வா. பேன் பாத்து விடறேன்."

என்னை வாசலில் உட்கார வைத்து, இரண்டு முழங்காலாலும் இறுக்கிக்கொள்வாள். ஈருளி தலையில் இழுக்கும். உயிர் போகும். அதற்குள் அவர் வந்துவிடுவார்.

"என்ன, அவன் இல்லியா?"

"மார்க்கெட்டுக்குப் போயிருக்காருங்க. வந்தா சொல்றேன்."

"அவன்கிட்ட சொல்ல என்னா இருக்கு? தண்ணி கொண்டா."

அம்மா எழுந்திருக்க மாட்டாள். சொம்பை என்னிடம் கொடுத்து அனுப்புவாள். "ஏன், ஒங்கம்மாவுக்குக் கை இல்லியா?" என்று அவர் என்னைக் கேட்டுச் சிரிப்பார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடிக்க அவருக்கு வெகுநேரம் பிடிக்கும். போகும்போது எனக்குப் பெப்பர்மிண்டு கொடுப்பார். அவர் தலை மறைந்ததும் அம்மா அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடுவாள்.

எனக்கு அம்மாவின்மேல்தான் கோபம். அவரிடம் எனக்குப் பயமே இல்லை. அவரோடு நாய் வராது.

அம்மாவின் தம்பி, என் மாமா, வாழைக்காய் லாரியில் போகிறவர். மதுரைக்குத் தெற்கே உள்ள ஊரெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருநாள் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா கொல்லையில் இருந்தார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, ஒரு நாய் வேணும்டா."

"எதுக்கு?"

"நரி வருது."

சாயங்காலமானால் கொள்ளிடத்து நாணலில் நரி ஊளையிடும். வீட்டுப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இலையைப் பார்த்தார். மீதிச் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தார். நான் அப்போதே குதிருக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஒன்று கேட்டால் மாமா இரண்டாகக் கொண்டுவருவார். அடுத்த தடவை லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு கயிறோடு வரப்பில் வந்தார். இரண்டும் வேட்டை நாய். குட்டி என்றும் சொல்ல முடியாது, வளர்ந்தது என்றும் சொல்ல முடியாது.

ஒன்று சிப்பிப்பாறை ஜாதி. சாம்பல் நிறம். நீட்டு மூஞ்சி, நீட்டுக் கால், இடுப்பு என்று ஒன்றுமே இல்லை. விலா எலும்பை எண்ணலாம். இன்னொன்று கோம்பை. செவலை. வாய் மட்டும் கரியில் தோய்த்த மாதிரி கறுப்பு. கழுத்தும் தாடையும் கெட்டி. முதுகில் மயிர் சற்றே தூக்கி நின்றது.

"ஒண்ணு இங்க. இன்னொண்ண தொட்டியத்துல ஒரு வாழை வியாபாரி கேட்டிருக்காரு. நீங்க எடுத்தது போக மிச்சம் அவருக்கு" என்றார் மாமா. "நான் சொல்றதக் கேட்டா செவலைய வச்சுக்குங்க மச்சான்."

அப்பா இரண்டையும் சுற்றிவந்து பார்த்தார். சாம்பல் அவர் கையை மோந்தது. செவலை மோந்து பார்க்கவில்லை, அவரைப் பார்த்தது.

"கொழந்த இருக்கற வீடு மாப்ளே. இதக் கொண்டாந்து கட்டிட்டு நான் மறுபடியும் புத்தூருக்கு அலையவா?"

"கடிக்கணும்னா ரெண்டும்தான் கடிக்கும். சிப்பிப்பாறை முயலப் பாத்தா ஓடும். கோம்பை ஆளப் பாத்தா நிக்கும். ஒங்களுக்கு ஓடற நாய் வேணுமா, நிக்கற நாய் வேணுமா?"

"கொரைக்கற நாய் போதும்ப்பா."

"அப்ப தெருநாயே போதுமே."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அப்பா நான் ஒளிந்திருந்த குதிர் பக்கம் திரும்பினார். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மாமா இரண்டையும் விட்டுவிட்டு லாரியோடு போனார். திரும்பி வருவதற்குள் எது என்று முடிவு செய்து வைக்கச் சொன்னார். முருங்கைமரத்தில் ஒன்று, அதற்கு எதிர்த்த தென்னையில் ஒன்று. கொல்லைப்பக்கம் போக வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே போக வேண்டும். நான் போகவில்லை. அடக்கிக்கொண்டு கிடந்தேன். வயிறு வலித்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தேன்.

ஒருநாள் அப்பா சாம்பலைக் கொள்ளிடத்து மணலுக்குக் கூட்டிப்போனார். என்னையும் தோளில் ஏற்றிக்கொண்டார். தண்ணீர் வற்றின காலம். அக்கரை வரைக்கும் மணல். கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது ஓடினது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கால் தரையில் படுகிறதா என்று தெரியவில்லை. ஒரு கோடு போட்ட மாதிரி போய், சுருண்டு, திரும்பி வந்தது. வந்து அப்பாவின் காலடியில் படுத்துக்கொண்டது. மூச்சு வாங்கும்போது அதன் விலா துடித்தது. அதுவும் எதற்கோ பயப்படுகிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

"இத வச்சுக்கலாமா பாப்பா?"

நான் தலையாட்டினேன். நாய் பக்கம் நான் தலையாட்டினதே அப்பாவுக்குப் பெரிய விஷயம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே இன்னொன்று நடந்தது. செவலையின் கயிறு முருங்கையைச் சுற்றியிருந்தது. அதனால் கயிறு குட்டை என்று எண்ணி, தொட்டியில் கால் கழுவப் போனேன். அது மரத்தைச் சுற்றி வந்து கயிற்றைப் பிரித்துக்கொண்டது. எனக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. குரைக்கவில்லை. உறுமவில்லை. நின்று என் முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். என்னால் கத்த முடியவில்லை. பாவாடை நனைந்தது. அப்பா வந்து தூக்கின பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"முடிஞ்சுது. சாம்பல்தான். இது தொட்டியத்துக்குப் போவட்டும்" என்றார் அப்பா.

மாமா வந்தபோதும் அப்பா அதையேதான் சொன்னார். மாமா விடவில்லை. அப்பா குரல் உயர்ந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"ஏங்க, எதுக்கு இந்தச் சண்ட? பூப்போட்டுப் பாத்துருவோம்."

"நாய்க்கெல்லாமா பூப்போடுவாங்க?"

"கொல்லைக் காவலுக்குத்தான நாயி? காவல் யாரு, கருப்புதான? அவரே சொல்லட்டும்."

எங்கள் வகையறாவில் எதற்கும் வாய்க்கால்கரைக் கருப்புசாமி முன்னால் பூப்போடுவார்கள். பெண் எடுக்க, கிணறு வெட்ட, மாடு பிடிக்க. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்ததுதான் வாக்கு. அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. பூ ஒத்துவரவில்லை என்று அப்பா ஒரு நல்ல ஜோடி மாட்டையே வேண்டாம் என்றவர்.

வீட்டில் சின்னப் பிள்ளை நான்தான்.

மறுநாள் காலையில் அம்மா என்னைத் தலைக்கு ஊற்றிக் கூட்டிப்போனாள். வெள்ளை வந்தால் சாம்பல், சிவப்பு வந்தால் செவலை. நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்து மடியில் வைத்திருந்தாள். கட்டுகிறவர்கள் மறைவில்தான் கட்ட வேண்டும். அம்மா நாவல்மரத்துக்குப் பின்னால் போய், வாழைச்சருகில் மடித்து நாரால் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பொட்டலமும் ஒன்று போலவே இருந்தன. கற்பூரம் ஏற்றினார்கள். அப்பாவும் மாமாவும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

நான் கருப்பிடம் வெள்ளை கேட்டேன். இனிமேல் கிடைக்கிற பெப்பர்மிண்டு அத்தனையும் அவருக்கே என்று சொன்னேன். முருங்கையடியில் என்னைப் பார்த்த அந்தக் கண் கருப்பின் கல்லிலும் இருக்கிற மாதிரி இருந்தது.

"எடு பாப்பா" என்றாள் அம்மா.

இடது பக்கம் கிடந்ததை எடுத்தேன். அப்பா வாங்கி நாரை அவிழ்த்தார். சருகு விரிந்தது.

சிவப்பு.

நான் அழவில்லை. அழுதால் சாமிக்கு ஆகாது என்று அம்மா முன்னாலேயே சொல்லியிருந்தாள். அப்பா பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா பூவைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வாய்க்காலில் விடப் போனாள்.

எல்லாரும் வீட்டுக்கு நடந்தார்கள். நான் பின்தங்கினேன். எனக்கு வராத அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. பொட்டலம் கொஞ்ச தூரம் போய் ஒரு தாழை வேரில் தட்டி நின்றிருந்தது. எட்டி எடுத்து நாரைப் பிய்த்தேன்.

அதிலும் செவ்வரளி.

உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது. நான் வெள்ளை கேட்டது கருப்புக்குப் பிடிக்கவில்லை. அந்த வெள்ளையையும் சிவப்பாக்கிவிட்டார். பூவையே மாற்றுகிற சாமி என்னை என்ன செய்யாது? பொட்டலத்தைத் தண்ணீரில் வீசிவிட்டு ஓடினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாயில் ரத்தம் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மாமா சாம்பலைக் கூட்டிக்கொண்டு போனார். அது திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே அம்மா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு முருங்கையடிக்குப் போனாள். ஒரு கையில் கேழ்வரகுக் களி. நான் காலைத் தரையில் ஊன்றினேன், கத்தினேன். விடவில்லை. அவ்வளவு பிடிவாதமாக அம்மாவை நான் பார்த்ததில்லை. களியை என் உள்ளங்கையில் வைத்து, அடியில் தன் கையைக் கொடுத்து, நாய் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ஒன் கையால திங்கணும். அப்பத்தான் ஒன்னைய விடாது."

ஒன்னைய விடாது என்றதைக் கேட்டதும் எனக்கு இன்னும் நடுக்கம். செவலை மெதுவாக மோந்தது. நாக்கு சுடச்சுட உள்ளங்கையில் பட்டது. அம்மாவின் கையும் நடுங்கியது. அம்மாவுக்கும் நாய் என்றால் பயம், சாமி சொன்னதால் வேறு வழியில்லாமல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் இது நடந்தது. எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டே பயப்படப் பழகிவிட்டேன்.

அடுத்த குலை வெட்டு வந்தது. அப்பா வண்டியோடு போனார். வெயில் ஏறின நேரம், வரப்பில் மணி கேட்டது.

நான் வழக்கம்போல வாசலில் போய் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். அம்மா வரவில்லை. நேரே முருங்கையடிக்குப் போனாள். கயிற்றை அவிழ்த்தாள். கயிற்றின் நுனியைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை.

செவலை ஓடவில்லை. நடந்துதான் போனது. சைக்கிள் முன்னால் வரப்பை அடைத்து நின்றது. முதுகு மயிர் முழுதும் எழுந்தது. குரைக்கவில்லை. என்னைப் பார்த்த மாதிரியே அவரையும் பார்த்தது. இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் வாழைச்சேறு, அவர் சைக்கிளை ஒதுக்க இடமில்லை. ஒரு காலை ஊன்றி நின்றார்.

"ஏய், நாயப் புடிச்சுக் கட்டு!"

அம்மா வாசற்படியில் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"அது நான் சொன்னா கேக்காதுங்க. சாமி குடுத்த நாயி."

"வெளையாடறியா? கட்டுன்னா கட்டு!"

அவர் குரலைக் கேட்டதும் செவலை ஓர் அடி முன்னால் வைத்தது. கறுத்த உதடு மேலே ஏறி, பல் தெரிந்தது. தொப்புளைப் பொத்திக்கொண்டேன். பாவம் காரியஸ்தர், புத்தூர் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சைக்கிளைத் தூக்கித் திருப்பிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை, ரொம்ப தூரம் தள்ளிக்கொண்டே போனார். செவலை அவர் மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு வந்து, களிச்சட்டியை நக்கியது.

சில நாள் கழித்து அப்பா இருக்கும்போது அவர் வந்தார். வரப்பிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"இந்தச் சனியன எங்கயாச்சும் கொண்டு விடு. நிலத்துக்காரரு வந்தா என்னா ஆவறது?"

அப்பா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அய்யா வேற எது சொன்னாலும் கேப்பேன். இது கருப்பு முன்னால பூப்போட்டு வந்ததுங்க. வாக்கு மீற முடியாது. எனக்கே இஷ்டமில்லாமத்தான் கெடக்குது."

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். அவர் சொன்னால் யாரும் நம்புவார்கள். காரியஸ்தரும் கருப்பு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுப்பங்கரையில் அம்மா கூழைத் துழாவிக்கொண்டிருந்தாள். துழாவுகிற கை நின்று, பிறகு மறுபடி ஓடியது.

கொல்லை கடைசிவரை எங்களிடம்தான் இருந்தது. அப்பாவுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் குலை வெட்டுகிற அரிவாள் சும்மா இருந்திருக்காது. எனக்கும் ஒரு வீடு வந்து, பகலில் தனியாக இருக்க நேர்ந்த பிறகுதான் அந்த இரண்டாவது செவ்வரளி யார் வைத்தது என்று விளங்கியது. அப்போது அம்மா இல்லை.

அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. குலை வெட்டுகிற நாளில் சைக்கிள் மணி கேட்டாலும், அது நிற்காமல் ரோட்டோடு போய்விடும். செவலை காதை மட்டும் தூக்கும். அம்மா முற்றத்து வெயிலில் ஈரக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பாள். என்னைக் கூப்பிட மாட்டாள்.

என் தலையில் பேன் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.